பிடிச்சாச்சு

மயக்க டாக்டருக்கு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஒரே பட்டப்பெயர்தான்: ஆச்சு. ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேராக "சார்" என்பார்கள், முதுகு திரும்பியதும் "ஆச்சு சார்" என்பார்கள். மனைவி மட்டும் நேராகவே சொல்வாள். அவளுக்கு என்ன பயம்?

பெயருக்குக் காரணம் அவருடைய வாய். "கதவைப் பூட்டியாச்சா?" "பூட்டியாச்சு." "அடுப்பை அணைச்சாச்சா?" "அணைச்சாச்சு." கேள்வி காதுக்குள் நுழைந்து மூளைக்குப் போய்ச் சேருவதற்குள், வாய் நடுவழியிலேயே மறித்துப் பதிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. கேட்டவர் நிம்மதியாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஒருமுறை குடும்பத்தோடு வெளியூர் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், பூட்டியாச்சு என்று அவர் சத்தியம் செய்த வாசற்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. "பாத்தியா, நம்ம வீட்டைத் திருடன்கூட மதிக்கல" என்று அவரே முதலில் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

மனைவி குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவள். "தண்ணியில இறங்குற பிள்ளை 'மிஸ், என்னைப் பிடிச்சிருக்கீங்களா?'ன்னு கேட்கும். நான் முதல்ல பிடிப்பேன், அப்புறம்தான் வாயைத் திறப்பேன். நீங்க வாயைத் திறந்துட்டு, அப்புறம் எதைப் பிடிக்கலாம்னு தேடுற ஆளு" என்பாள். டாக்டரும் "உண்மைதான், உண்மைதான்" என்று தலையாட்டுவார். அதையும் காதில் வாங்காமல்தான் ஆட்டினார் என்று அவளுக்குத் தெரியும்.

குழந்தைகளைத் தூங்க வைப்பது அவர் பிழைப்பு. இதயத்தில் ஓட்டையோ அடைப்போ வைத்துக்கொண்டு பிறந்த கைக்குழந்தைகள் மட்டும்தான் அவரிடம் வரும். நெஞ்சைத் திறக்காமல், தொடையில் ஒரு சின்னத் துளை போட்டு, அதன் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை ஓட்டிப்போய் வேலையை முடிப்பவர் இன்னொருவர். அவர் ஒரு பெண், இவரைவிட வயதில் சின்னவர், எல்லோருக்கும் கம்பி டாக்டர். கம்பி உள்ளே இருக்கும்போது குழந்தை இம்மியும் அசையக் கூடாது. அதற்குத்தான் மயக்க டாக்டர். "அசையாம வைக்கிறது ரொம்பச் சுலபம்பா, உயிரோட வைக்கிறதுக்குத்தான் படிச்சேன்" என்று புதிதாக வரும் இளம் டாக்டர்களிடம் சொல்லி, அவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவார்.

உறவுக்கூட்டத்தில் அவருக்கு மதிப்பு அவ்வளவுதான். "தூங்க வைக்கிற டாக்டரா? எழுப்புறதுக்கு வேற ஆளா?" என்று அவர் பெரியப்பா ஒருமுறை கேட்டார்.

"எழுப்புறதும் நான்தான் பெரியப்பா."

"அப்ப நடுவுல என்ன செய்வே?"

யோசித்துப் பார்த்து, "நடுவுல நின்னுக்கிட்டு இருப்பேன்" என்றார். அதற்குமேல் விளக்கினால் சாப்பாடு ஆறிவிடும் என்று பெரியப்பாவும் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியிலும் கதை அதேதான். வேலை முடிந்ததும் பெற்றோர் ஓடிவந்து கம்பி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பி, "சார், லிஃப்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். இவரும் வழி காட்டுவார்.

அவர் நிற்கிற அறையும் அவருக்காகக் கட்டியது இல்லை. கேமராவுக்காகக் கட்டியது. ஆளைவிட உயரமான இரும்பு வளைவு, அதன் ஒரு முனையில் எக்ஸ்ரே, மறுமுனையில் அகலமான தட்டு. வளைவு குறுகலான மேசையைச் சுற்றி இஷ்டத்துக்குத் திரும்பும். குழந்தையின் தலைமாட்டில் நிற்க வேண்டிய மயக்க டாக்டரை அது ஓரமாகத் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொள்ளும். எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கப் போடும் ஈய உடுப்பைத் தோளில் சுமந்துகொண்டு, வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர்போல அவர் மூலையில் ஒண்டிக்கொண்டிருப்பார். அந்த மூலையிலிருந்துதான் மூச்சுக் கருவியின் நீளக் குழாய் புறப்பட்டுப்போய், குழந்தையின் வாய்க்குள் இறங்கிய சின்னக் குழாயோடு சேரும்.

அபாயம் அந்த இணைப்பில்தான். கைக்குழந்தையின் மூச்சுக்குழல் பெரியவர்களின் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. உள்ளே வைத்த குழாய் நகக்கண் அளவு நகர்ந்தாலும் வெளியே வந்துவிடும். திரும்புகிற கேமராவில் நீளக் குழாய் மாட்டினால், கேமரா நிற்காது, குழாய்தான் வரும். அதனால் ஒரு வழக்கம். கேமராவைத் திருப்பும் முன் கம்பி டாக்டர் "கேமரா திரும்புது!" என்று குரல் கொடுக்க வேண்டும். மயக்க டாக்டர் குழாயைக் குழந்தையின் வாயோடு சேர்த்து விரல்களால் பிடித்துக்கொண்டு, "பிடிச்சாச்சு!" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகே கேமரா அசையும்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்திய மகானுபாவர் யார் என்றால், சாட்சாத் நம்முடைய ஆச்சு சார்தான். சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவரும் அவரே. அதைப் பற்றிப் படம் காட்டி மணிக்கணக்கில் பேசியவரும் அவரே. "பதில் சொல்ல வேண்டியது உங்க வாய் இல்ல, உங்க கை" என்று அவர் முடித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவரும் அவரே.

அன்று காலை வந்த குழந்தைக்குப் பிறந்து மூன்று வாரம். வீட்டில் மிளகு என்று கூப்பிட்டார்கள். உருவம் அவ்வளவு, காரமும் அவ்வளவு. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பாதை அவளுக்குப் பிறவியிலேயே அடைபட்டிருந்தது. கருவில் இருந்தபோது இருந்த ஒரு சின்ன ஓடை வழியாக மட்டும் கொஞ்சம் ரத்தம் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஓடை தானாக மூடிக்கொள்ளும். மூடினால் இவள் அவ்வளவுதான். இதுவரை சொட்டு மருந்து ஏற்றித் திறந்து வைத்திருந்தார்கள். இன்று அதற்குள் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்து, மூடாமல் முட்டுக்கொடுக்கப் போகிறார்கள். உதடும் நகமும் நீலம். மற்றக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு நூறு என்றால் இவளுக்கு எழுபத்தைந்து. அந்த எழுபத்தைந்தை வைத்துக்கொண்டு அவள் கை காலை உதைத்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

தாய் தையல் கம்பெனியில் வேலை செய்பவள். தகப்பன் லாரி ஓட்டுபவர், பேச்சுக் குறைவு. வெளி அறையில் தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மெஷினில் தையல் ஓட்டுகிறமாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டாள். மயக்க டாக்டர் கையில் மருந்துச் சிரிஞ்சுகளை வைத்து அளவு சரிபார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கையில பேர் எழுதின பட்டை போட்டிருக்கீங்களா சார்?"

"போட்டாச்சும்மா."

"உள்ள ரொம்பக் குளிரும்னாங்களே, கம்பளி வச்சிருக்கா?"

"வச்சாச்சும்மா."

"இவ யார் விரலையாவது பிடிச்சுக்கிட்டாத்தான் சார் தூங்குவா. பிறந்த அன்னிலேருந்து அப்படித்தான். நீங்க உங்க விரலைக் கொஞ்சம் குடுப்பீங்களா?"

"குடுத்தாச்சும்மா."

தாய் பேச்சை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவ இன்னும் என் மடியிலதான் இருக்கா சார். அதுக்குள்ள எப்படிக் குடுத்தாச்சு?"

பக்கத்தில் நின்ற சிஸ்டர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டருக்கு அசடு வழிந்தது. நீலம் பாரித்த பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருத்தி கேட்கிறாள். அவளுக்கும் பால் அடுப்புக்குச் சொல்கிற பதிலையே சொல்லியிருக்கிறோமே என்று மனது குத்தியது. சிரிஞ்சுகளைத் தட்டில் வைத்துவிட்டு அவள் எதிரே குனிந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. காதுல வாங்காமலே பதில் சொல்லிட்டேன். கண்டிப்பா குடுக்கிறேன்."

"இந்த விரல்" என்று தாய் தன் ஆள்காட்டி விரலைக் காட்டினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் அது. அதை மிளகு ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஞாபகம் வச்சுக்குங்க சார்."

அவர் நிஜமாகவே ஞாபகம் வைத்துக்கொண்டார். அத்தனை வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

உள்ளே போனதும் முதல் சிக்கல். குழந்தையைத் தூங்க வைக்கிற நேரத்தில் மயக்க டாக்டரின் இடது கை மூச்சுமூடியை முகத்தில் பொருத்திப் பிடித்திருக்கும், வலது கை காற்றுப்பையை அழுத்திக்கொண்டிருக்கும். பத்து விரலுக்கும் வேலை. பதினோராவது விரல் கடவுள் கொடுக்கவில்லை. சிஸ்டர் மருந்தை மெல்ல ஏற்ற ஏற்ற, மிளகு ஒரு கையைக் காற்றில் நீட்டி எதையோ தேடினாள். ஐந்து விரலும் விரிந்தன, மூடின, விரிந்தன. பிறகு கை மெதுவாகக் கம்பளிமேல் விழுந்தது. தூங்கிவிட்டாள். சிஸ்டருக்கும் பத்து விரல் இருக்கிறதே, ஒன்றைக் கொடு என்று சொல்லியிருக்கலாமே என்பது அவருக்குக் குழாயை வாய்க்குள் இறக்கி, ஒட்டி, எல்லாம் முடித்த பிறகுதான் உறைத்தது. படித்த படிப்புக்கு நல்ல மூளை.

வேலை ஒழுங்காகத்தான் போனது. விளக்கைக் குறைத்தார்கள். கம்பி டாக்டர் திரையைப் பார்த்தபடி கம்பியைத் தள்ளினார், திருகினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். "கேமரா திரும்புது!" "பிடிச்சாச்சு!" "கேமரா திரும்புது!" "பிடிச்சாச்சு!" ஒவ்வொரு முறையும் குழாயை ஒழுங்காகவே பிடித்தார். கம்பி அந்தச் சின்ன ஓடையைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. அடுத்தது ஸ்டென்ட். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மயக்க டாக்டருக்கோ அந்த அமைதியில் காற்றில் தேடிய அந்தக் கைதான் கண்முன்னால் வந்து வந்து போனது.

சொன்ன வார்த்தையை ஒரு தடவையாவது காப்பாற்றினால் என்ன? இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லையே. கம்பளிக்கு அடியில் இடது கையை நுழைத்தார். யாராவது பார்த்தால் உடம்புச் சூடு பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். மிளகின் உள்ளங்கை கிடைத்தது. ஆள்காட்டி விரலை அதற்குள் வைத்து, பிடிமானம் இல்லாமல் தளர்ந்திருந்த அந்த ஐந்து விரலையும் தானே மடக்கி அதன்மேல் வைத்தார். மருந்தில் மயங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு இது தெரியப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆச்சு ஆச்சு என்று சொல்லியே காலம் தள்ளிய ஆள், உண்மையிலேயே ஒன்றைச் செய்து முடித்த பெருமையில் அப்படியே நின்றார்.

"கேமரா திரும்புது!"

"பிடிச்சாச்சு!"

வாய் சொன்னது. கையிலும் ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கிற நிறைவு இருந்தது. அந்த நிறைவுதான் அவரை ஏமாற்றியது.

கேமரா பக்கவாட்டில் இறங்கியது. அதன் தட்டில் நீளக் குழாய் மாட்டியது. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் கண்ணெதிரே, மிளகின் வாயில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி உரிந்துகொண்டு வந்தது. மானிட்டரில் மூச்சைக் காட்டும் மேடுபள்ளக் கோடு படுத்துவிட்டது.

ஆனால் அவர் கை ஓடாமல் நிற்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். "குழாய் வெளிய வந்துருச்சு! கேமராவை மேல தூக்குங்க. கம்பியை அசைக்காதீங்க. சிஸ்டர், மூடி!" என்று கத்தினார். கேமரா விலகியது. கம்பி டாக்டர் கம்பியைப் பிடித்தபடி சிலையாக நின்றார். அது ஓடைக்குள் அசைந்தால் ஓடை சுருங்கும், அதுவும் போச்சு. மயக்க டாக்டர் மூடியை முகத்தில் வைத்துக் காற்றை அழுத்தினார். எழுபத்தைந்து அறுபதாகி, நாற்பதாகி, அதற்கும் கீழே போனது. நீலம் சாம்பலானது. இதயத் துடிப்பின் டிக் டிக் சத்தம் இடைவெளி விட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் மெதுவாகிறபோது அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்.

வாயைத் திறந்து விளக்குக் கருவியை நுழைத்துப் பார்த்தார். எச்சில் நுரைதான் தெரிந்தது. குழாய் போகவில்லை. திரும்ப மூடி, திரும்பக் காற்று. "அட்ரினலின் கொஞ்சமா குடுங்க" என்றார். துடிப்பைத் தூக்கிவிடும் அந்த மருந்தைச் சிஸ்டர் ஏற்கெனவே கையில் வைத்திருந்தாள், ஏற்றினாள். நுரையை உறிஞ்சிவிட்டு இரண்டாவது முறை பார்த்தார். இம்முறை தெரிந்தது, அரிசி அகலத்துக்கு ஒரு வாசல். குழாயை இறக்கினார். இரண்டு விரலால் உதட்டோடு சேர்த்துப் பிடித்தார். விரல் வலிக்கிற அளவுக்குப் பிடித்தார்.

மானிட்டரில் ஒரு மேடு எழுந்தது. அப்புறம் இன்னொன்று. டிக் டிக் சத்தம் மெல்ல நெருங்கி வந்தது. சாம்பல் மறைந்து அவளுடைய பழைய நீலம் திரும்பியது. எழுபத்தைந்து என்ற எண்ணை, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் தகப்பன்போல அவர் பார்த்துக்கொண்டு நின்றார். முகக்கவசத்துக்குள் மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. கையை எடுக்கப்போவதாகவும் இல்லை.

ஸ்டென்ட் அதன் இடத்தில் உட்கார்ந்தது. எழுபத்தைந்து எண்பத்தைந்தைத் தாண்டியது. சாதாரணமாக இந்த நேரத்தில் யாராவது ஒரு ஜோக் அடிப்பார்கள், பெரும்பாலும் அது இவராகத்தான் இருக்கும். அன்று அவர் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தொடையில் கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் கம்பி டாக்டர் வாய் திறந்தார்.

"பிடிச்சாச்சுன்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன். பிடிக்கல."

கம்பி டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. சிஸ்டர் மட்டும் இவரை ஒருமாதிரி பார்த்தாள். குழாய் நழுவிய நொடியில் இவர் கம்பளிக்குள்ளிருந்து கையை உருவியதை அவள் பார்த்திருந்தாள்.

"வெளிய நான் பேசிக்கிறேன் சார். குழாய் கொஞ்சம் நகர்ந்துச்சு, உடனே சரி பண்ணிட்டோம்னு சொன்னாப் போதும்" என்றார் கம்பி டாக்டர். நல்ல மனசில் சொன்னதுதான்.

"வேண்டாம்மா. நான்தான் சொல்லணும்."

குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு, நடைபாதையில் வரும்போது சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். குழாய் நழுவியது. கேமரா இழுத்துவிட்டது. இப்படி நேரும், நேர்ந்துவிட்டது. எப்படிச் சொல்லிப்பார்த்தாலும் அந்த வாக்கியங்களில் அவர் இல்லை. குழாய் தானே கால் முளைத்து நடந்துபோன மாதிரி இருந்தது. வாய் இந்தமாதிரி வாக்கியங்களை எவ்வளவு சுலபமாகச் செய்து தருகிறது என்று பார்த்தபோது, தன் வாயின்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

தாயும் தகப்பனும் எழுந்து நின்றார்கள். அவர் உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தார்.

"ஸ்டென்ட் வச்சாச்சு. அது நல்லா இருக்கு. ஆனா நடுவுல ஒரு தப்பு நடந்துச்சு. நான்தான் பண்ணேன்" என்று ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கேமரா திரும்பும்போது குழாயைப் பிடிக்க வேண்டியது என் பொறுப்பு, பிடிக்கவில்லை, பிடித்துவிட்டதாகச் சொன்னேன், குழாய் வெளியே வந்தது, கொஞ்ச நேரம் மூச்சு இல்லை, துடிப்பு குறைந்தது, மருந்து கொடுத்துத் திரும்பக் குழாய் வைத்தோம்.

தகப்பன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூளைக்கு ஏதாச்சும் ஆகுமா சார்?"

"ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா அவ முழிச்சு, கை காலை ஆட்டுறதைப் பாத்த பிறகுதான் உறுதியாச் சொல்லுவேன். அதுவரைக்கும் எங்கயும் போக மாட்டேன்."

தாய் அழவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த நேரத்துல உங்க கை எங்க சார் இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை அவர் ஒத்திகை பார்க்கவில்லை. வாயும் அதிசயமாக முந்திக்கொண்டு வரவில்லை. உண்மை அவர் நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் பிள்ளை கையில் இருந்தது அம்மா, நீங்கள் கேட்டீர்களே என்று கொடுத்தேன். சொல்லலாம். சொன்னால் அவர்மேல் பாதிக் கோபம் குறையும். ஆனால் இவள்? நான் கேட்டதால்தானே என்று, அந்த ஊசி குத்திய விரலைப் பார்த்துப் பார்த்து ஆயுசு முழுக்க வேகமாட்டாளா?

"சும்மாதான் இருந்துச்சும்மா."

"விரல் குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லம்மா. மறந்துட்டேன்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் தாய். குரல் உடைந்தது. "உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடியே குடுத்தாச்சுன்னு சொன்ன ஆளுதானே நீங்க. உங்ககிட்டப்போய்க் கேட்டேன் பாருங்க."

"விடு, போதும்" என்று தகப்பன் அவள் தோளைத் தொட்டார். டாக்டர் எழுந்து வெளியே வந்தார். கதவருகே மருந்துத் தட்டோடு சிஸ்டர் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? நான் பாத்தேனே. நான் போய்ச் சொல்லட்டுமா?"

"சொன்னீங்கன்னா உங்களுக்கு மயக்க மருந்து குடுத்துருவேன்" என்றார். ஜோக் எடுபடவில்லை. சிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கும்தான்.

வீட்டுக்கு வர மாட்டேன் என்று மனைவிக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார், விரலையும் சேர்த்து. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். "அந்தப் பிள்ளை முழிக்கிற வரைக்கும் அங்கேயே இருங்க" என்றாள் மனைவி. "ஏதாவது சாப்பிடுங்க. சாப்பிட்டாச்சுன்னு சொல்லாதீங்க, சாப்பிடுங்க."

மறுநாள் காலை மிளகு கண்ணைத் திறந்தாள். திறந்ததும் திறக்காததுமாக உதைக்க ஆரம்பித்தாள். இடது கால், வலது கால், இரண்டு கையும். மூச்சுக்குழாயை எடுத்ததும் தொண்டை கட்டிய குரலில் அந்தப் பிரிவையே கூட்டினாள். உதடு நேற்றுப் பார்த்த நீலம் இல்லை. மயக்க டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், காலைச் சுரண்டிப் பார்த்தார், கம்பி டாக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் தாயிடம், "இப்ப உறுதியாச் சொல்றேன்மா, நல்லா இருக்கா" என்றார். சொல்லிவிட்டு, கசங்கிய சட்டையும் வழிக்காத தாடியுமாக, வந்த சுவடு தெரியாமல் நழுவப் பார்த்தார்.

"சார், இங்க வாங்க."

தாய் கூப்பிட்டாள். போய்க் கட்டிலருகே நின்றார்.

"விரலை நீட்டுங்க."

நீட்டினார். தாய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்து, மிளகின் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்றும் தெரியாத ஆளுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுக்கிற பொறுமை அவள் கையில் இருந்தது, கோபமும் இருந்தது.

"இவ்வளவுதான் சார். இப்படி வச்சாப் போதும். இதுக்கா உங்களுக்கு நேரமில்ல?"

"தப்புதாம்மா."

"இனிமே யார் பிள்ளை வந்தாலும் இப்படிக் குடுங்க. பிள்ளைங்களுக்கு இது பெரிய தைரியம்."

"சரிம்மா."

கட்டிலின் அந்தப் பக்கம் சிஸ்டர் குனிந்து எதையோ தேடுகிற பாவனையில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். நேற்று இதே விரலின்மேல் அவரே ஒவ்வொன்றாக மடக்கி வைத்த அந்த ஐந்து விரல்களும் இப்போது தாமாக மூடின. அழுகை நின்றது.

"பிடிச்சிட்டாளா?" என்று கேட்டாள் தாய்.

டாக்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னும் கிட்டப்போய்ப் பார்த்தார். விரலை லேசாக இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

"ம், பிடிச்சாச்சும்மா" என்றார்.